மதுரையைச் சுற்றிக் குடும்பத்தோடு மலையேறலாம்

விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும் குடும்பங்கள் மதுரையில் இறங்கினால், மீனாட்சியம்மன் கோயில், நாயக்கர் மகால், அப்புறம் கார் பிடித்துக் கொடைக்கானல் என்று கிளம்பிவிடுகின்றன. கொடைக்கானல் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் பிள்ளைகள் வாந்தி எடுத்துக்கொண்டு போவதற்கு முன்னால், மதுரையை ஒட்டியிருக்கும் பாறை மலைகளுக்கு இரண்டு காலை நேரங்களை ஒதுக்குங்கள். ஏற்றமும் காற்றும் கிடைக்கும். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் வெட்டிய தமிழ் எழுத்தை, இடையில் கண்ணாடி இல்லாமல், வெட்டிய இடத்திலேயே பார்க்கலாம்.

முதலில் கீழக்குயில்குடி சமணர் மலை. நகரத்துக்கு மேற்கே, காரில் அரை மணி நேரம். டவுன் பஸ்ஸும் உண்டு; ஆனால் விடியற்காலையில் பிள்ளைகளோடு என்றால் ஆட்டோவையோ கால் டாக்ஸியையோ போய்வர மொத்தமாகப் பேசிக் காத்திருக்கச் சொல்வதே நல்லது. அடிவாரத்தில் அய்யனார் கோயில், பெரிய ஆலமரம், தாமரைக் குளம். மூட்டு வலி உள்ள தாத்தா பாட்டிக்கு மேலே ஏறாமலே இங்கு நேரம் போகும். மூன்று தலைமுறையாக வருகிறவர்களுக்கு நான் முதலில் இந்த மலையைச் சொல்வது அதனால்தான்.

கோயிலருகே தொடங்கும் படிகளில் மெதுவாக ஏறினாலே கொஞ்ச நேரத்தில் பேச்சிப்பள்ளம் வந்துவிடும். அங்கே ஒரு சுனையும், பாறையில் வரிசையாகச் செதுக்கிய எட்டுச் சிற்பங்களும் இருக்கின்றன. ஐந்து தலை நாகம் குடைபிடிக்க நிற்பவர் சமணத் தீர்த்தங்கரர்களில் (சமய ஆசான்களில்) ஒருவரான பார்சுவநாதர், கொடி சுற்றிய காலோடு நிற்பவர் சமணத் துறவி பாகுபலி. கீழே இருப்பது வட்டெழுத்து, தமிழின் பழைய எழுத்து வடிவங்களில் ஒன்று. யார் செய்வித்தது என்ற விவரம் அதில் இருக்கிறது. சிறு பிள்ளைகள் இருந்தால் இதோடு திரும்பலாம். கால் தெம்பாக இருப்பவர்கள் இன்னும் மேலே போனால், 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் பராந்தக வீரநாராயணன் காலத்து மாதேவிப் பெரும்பள்ளி என்ற சமணப் பள்ளியின் அடித்தளம் தெரியும். அதற்கும் மேலே உச்சிப் பாறையில் ஒரு கன்னடக் கல்வெட்டு. கர்நாடகத்துச் சமணர்களோடு இந்த மலைக்குத் தொடர்பு இருந்ததற்கு அது சாட்சி. உச்சியில் நின்றால் நாகமலை நீளமாகக் கிடப்பதும், சுற்றிலும் வயலும் கண்மாயும் தெரியும்.

கீழே இறங்கியதும் செட்டிப்பொடவு என்ற குகையைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். மலையின் இன்னொரு பக்கம், தனிப் படிகள். குகை வாசலில் பெரிய தீர்த்தங்கரர் அமர்ந்திருக்கிறார். எல்லோரும் அவரோடு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். குகைக்குள் குனிந்து போய் மேலே பாருங்கள்: சிங்கத்தின் மேல் வில்லோடு ஒரு இயக்கி (சமணப் பெண் தெய்வம்), எதிரே யானை மேல் ஒரு வீரன். பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும்.

தமிழி என்ற மிகப் பழைய தமிழ் எழுத்தில் (தமிழ் பிராமி என்றும் சொல்வார்கள்) வெட்டிய கல்வெட்டைப் பார்க்க, அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் கொங்கர் புளியங்குளம் வசதி. ஏற்றம் குறைவு. ஐம்பதுக்கும் மேற்பட்ட கற்படுக்கைகள்; துறவிகள் படுத்த இடம். எழுத்துகள் நெற்றிப் பாறையில் உயரத்தில் இருப்பதால் காலை வெயில் சாய்வாக விழும்போது நன்றாகத் தெரியும். போவதற்கு முந்தைய நாள் இரவு பிள்ளைகளுக்கு இரண்டு எழுத்தைச் சொல்லிக்கொடுங்கள்: கூட்டல் குறி போல இருப்பது ‘க’, ஒற்றைச் செங்குத்துக் கோடு ‘ர’. தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகூட அந்த இரண்டையும் தேடிக் கண்டுபிடித்துக் கத்தும். இங்குள்ள ஒரு வரியில் ‘பேராதன்’ என்று ஒருவர் பெயர் வருகிறது. அன்று மாலை, கீழடி அகழாய்வில் கிடைத்த பொருட்களுக்காக 2023இல் திறந்த அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அங்கே பானை ஓடுகளில் கீறிய பெயர்களிலும் ‘ஆதன்’ உண்டு. காலையில் மலை, மாலையில் கீழடி என்ற வரிசையை மாற்றாதீர்கள். பாறையில் பார்த்த பிறகு ஓட்டில் பார்த்தால்தான் பிள்ளைகளுக்குப் பிடிபடும். வார விடுமுறை எது என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது காலை அரிட்டாபட்டிக்கு. மேலூர் சாலை வழியாக சுமார் 25 கிலோமீட்டர். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். ஏழு மலைகள், நிறைய சுனைகள், சுமார் 250 வகைப் பறவைகள். வல்லூறும் கழுகும் இந்தப் பாறைகளில் கூடு கட்டுகின்றன; வீட்டில் பைனாகுலர் இருந்தால் பெட்டியில் போட்டுக்கொண்டு வாருங்கள். பாறையைக் குடைந்து செய்த பாண்டியர் காலத்துச் சிவன் குடைவரையில், சிவனின் அவதாரமாகக் கருதப்படும் லகுலீசரின் சிற்பம் இருக்கிறது, தமிழகத்தில் அரிதாகவே பார்க்கக் கிடைப்பது. இன்னொரு பக்கம் தமிழிக் கல்வெட்டும் தீர்த்தங்கரரும்.

இங்கே ஒன்று தெரிந்துகொண்டு போங்கள். 2024 நவம்பரில் இந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலத்தின் முடிவு அறிவிக்கப்பட்டது. சுற்றுவட்டார ஊர்கள் திரண்டு போராடின. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அதை ரத்து செய்தது. அதனால் ஊர்க்காரர்கள் புதுமுகங்களை ‘யாரு, எங்கேயிருந்து’ என்று விசாரிப்பார்கள். எரிச்சல்படாதீர்கள். எந்த ஊர்ப் பிள்ளை, எதற்கு வந்தோம் என்று சொல்லுங்கள். அநேகமாக அவர்களே வழிகாட்டக் கூட வருவார்கள். ஒரு அண்ணனைக் கூட்டிக்கொண்டால் சுனைகளுக்கு வழி தெரியும், கையில் ஏதாவது கொடுத்துவிடுங்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

யானைமலையும் ஒத்தக்கடை பக்கம் அருகில்தான். நரசிங்கம் குடைவரைக் கோயிலும் சமணச் சிற்பங்களும் எல்லோருக்கும் சரி. உச்சி மட்டும் வழுக்குப் பாறை, பிள்ளைகளோடு ஏறாதீர்கள். அழகர்கோயில், பழமுதிர்சோலை, நூபுர கங்கை எல்லாம் நிழலான வழி. குரங்குகள் பையைப் பறிக்கும், தின்பண்டத்தைக் கையில் எடுக்காமல் இருந்தால் போதும்.

பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்டில்தான் என்றால் வெயிலைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். காலை 6 மணிக்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும், 9 மணிக்குள் இறங்கிவிட வேண்டும். அதற்கு மேல் பாறை சுடும். டிசம்பர், ஜனவரி என்றால் கொஞ்சம் தாராளம். அக்டோபர், நவம்பர் மழையில் பாறை வழுக்கும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, நல்ல பிடிப்புள்ள ஷூ. மேலே கழிப்பறை கிடையாது. பாறை விளிம்பில் தேனடை தொங்கினால் சத்தமில்லாமல் விலகிவிடுங்கள். கோயில் எல்லைக்குள் செருப்பைக் கழற்றுங்கள். எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று சாக்பீஸ் தடவுவது, தண்ணீர் ஊற்றுவது எல்லாம் கூடாது; சிற்பத்தின் மேல் சாய்ந்து படம் எடுப்பதும் அப்படித்தான்.

தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், மதுரையில் ‘பசுமை நடை’ என்ற குழு ஞாயிறு காலைகளில் மக்களை இந்த மலைகளுக்குக் கூட்டிச் செல்கிறது. தொல்லியல் அறிந்தவர்கள் கூடவே வந்து கல்வெட்டைப் படித்துக் காட்டுவார்கள். உங்கள் தேதிக்கு நடை இருக்கிறதா என்று டிக்கெட் போடும்போதே விசாரித்துவிடுங்கள்.