ரொறன்ரோவில் கமராக்காரர் பிடிப்பது எப்படி

யாழ்ப்பாணத்தில் பாதி, ரொறன்ரோவில் மீதி என்று படம் எடுப்பவர்கள் கமராக்காரரை அங்கேயே அமர்த்தலாம். விசா, விமானச் செலவு மிச்சம். அவர் காட்டும் மாதிரிப் படத்தொகுப்பான ஷோரீலை மட்டும் நம்ப வேண்டாம், அது பொறுக்கித் தொகுத்த அழகு. வெட்டாத ஒரு காட்சியை முழுதாகக் கேளுங்கள்.

நாட்சம்பளம் எத்தனை மணித்தியாலத்துக்கு, மேலதிக நேரத்துக்கு எவ்வளவு, கமராவும் லென்ஸும் அதற்குள் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

அதிகம் பிழை வருவது பிரேம் வேகத்தில்தான், அதாவது ஒரு செக்கனுக்கு எத்தனை படம் என்பதில். இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அங்கே 60. யாழ்ப்பாணக் காட்சிகள் 25 பிரேமில் என்றால் அவரும் 25இலேயே எடுக்கட்டும். ஆனால் ஷட்டரை, அதாவது ஒவ்வொரு பிரேமிலும் ஒளி விழும் நேரத்தை, 1/50 செக்கனில் விட்டால் சில விளக்குகள் படத்தில் மினுங்கும். 1/60, அதாவது ஷட்டர் கோணத்தில் 150 பாகை வைக்கச் சொல்லுங்கள். இரண்டு ட்ரைவில் பிரதி எடுக்கும்வரை கமராவின் மெமரி கார்ட்டை அழிக்கக்கூடாது. இதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.