850 என்ற எண்ணைப் பார்த்து ஜாக்கெட் வாங்காதீர்கள்

போன வாரம் ஒரு மலை முகட்டில் ஓய்வுக்காக நின்றோம். குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன், கையடக்கமாகச் சுருட்டிய டவுன் ஜாக்கெட்டை (தூவி, அதாவது பறவையின் மென்சிறகு நிரப்பியது) எடுத்து, "850 ஃபில் பவர், அக்கா" என்று ஆசையாகக் காட்டினான். பத்தே நிமிடத்தில் அவனுக்குப் பற்கள் தந்தியடிக்க ஆரம்பித்தன. என் முதல் குளிர்கால நடையில் எனக்கும் இதேதான் நடந்தது. பருத்தி உடை கூடாது என்பதையெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே யாராவது சொல்லியிருப்பார்கள், அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். ஜாக்கெட் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஃபில் பவர்தான் கதகதப்பு என்று நம்புவது

ஒரு அவுன்ஸ் தூவி, அதாவது சுமார் 28 கிராம், எத்தனை கன அங்குல இடத்துக்கு உப்பி நிற்கும் என்பதுதான் ஃபில் பவர். அது தூவியின் தரத்தைச் சொல்லும். ஜாக்கெட்டுக்குள் எவ்வளவு தூவி இருக்கிறது என்பதைச் சொல்லாது. நம்மைக் காப்பது தூவிக்குள் அசையாமல் நிற்கும் காற்று. அதனால் தரத்தோடு அளவையும் பார்த்தாக வேண்டும்.

கணக்கு போட்டுப் பாருங்கள். 850 ஃபில் பவர் தூவி 60 கிராம் இருந்தால், முழுதாக உப்பும்போது சுமார் 30 லிட்டர். 650 ஃபில் பவர் தூவி 120 கிராம் இருந்தால் சுமார் 45 லிட்டர். எண் சின்னது, ஆனால் கதகதப்பு அதில்தான் அதிகம். உயர்ந்த எண்ணால் கிடைக்கும் லாபம், அதே கதகதப்பு குறைந்த எடையில் கிடைப்பது. அவ்வளவுதான்.

நான் வாங்கியபோது "உள்ளே எத்தனை கிராம்?" என்று கேட்டேன். விற்றவர் கைப்பகுதியில் தைத்திருந்த 800-ஐக் காட்டினார். நானும் சரி என்று வாங்கிவிட்டேன். அந்த ஜாக்கெட்டோடு ஒரு கணவாயில், பின்தங்கிய தோழிக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். விரல்கள் மரத்துப்போய், பையின் கொக்கியைக்கூடக் கழற்ற முடியவில்லை. பக்கத்தில் பழைய 600 ஃபில் பவர் ஜாக்கெட் போட்டிருந்தவர் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடம் கழித்தும் எரிச்சலாக இருக்கிறது. முக்கியமான கிராம் கணக்கைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது, தரத்தைச் சொல்லும் எண் மட்டும் பளிச்சென்று வெளியே நிற்கிறது.

கிராம் கணக்கு எங்கேயும் கிடைக்காத ஜாக்கெட்டை நான் இப்போது வாங்குவதில்லை. நடுத்தர அளவு ஜாக்கெட்டில் 100 கிராமுக்கும் குறைவான தூவி, உறைபனிக் குளிரில் நின்றுகொண்டிருக்கப் போதாது என்பது என் அனுபவம். தையல் கோடுகளையும் தொட்டுப் பாருங்கள். வெளித்துணியும் உள்துணியும் சேர்த்துத் தைத்த இடத்தில் தூவியே இருக்காது, குளிர் அங்கேதான் நுழையும். கோடுகள் நெருக்கமாக இருந்தால் அந்த இடங்களும் அதிகம்.

ஏறும்போதே போட்டுக்கொள்வது

ஏற்றத்தில் வியர்க்கும். வியர்வை உள்ளே இறங்கினால் தூவி கட்டி கட்டியாகச் சேர்ந்து உப்பலை இழந்துவிடும். அப்புறம் நிற்கும்போது அந்த ஜாக்கெட்டால் பயன் இல்லை. நடக்க ஒரு மெல்லிய ஃப்ளீஸ் (பஞ்சு போன்ற செயற்கைத் துணி மேலாடை) போதும், கிளம்பும்போது கொஞ்சம் குளிர்ந்தால் பரவாயில்லை. தடித்த ஜாக்கெட் நிற்பதற்கானது. நின்ற உடனே, உடம்பு ஆறுவதற்கு முன்பே போடுங்கள், ஏனென்றால் அது சூட்டை உண்டாக்காது, இருக்கும் சூட்டைத்தான் காக்கும்.

ஈரப்பனியும் மழையும் மாறி மாறி வரும் இடம் என்றால் செயற்கை இழை நிரப்பியதையே எடுங்கள். எடை கூடும், அவ்வளவு சின்னதாகச் சுருளாது, சில வருடங்களில் தட்டையாகியும் விடும். ஆனால் நனைந்த பிறகும் ஓரளவு காக்கும்.

உடம்பை ஒட்டிய அளவு

கடைக் கண்ணாடியில் அழகாகத் தெரியும். மலையில் அதை மழைக்கோட்டுக்கு மேலேயே அவசரமாக மாட்ட வேண்டிவரும். இறுக்கமாக இருந்தால் தூவி நசுங்கிவிடும். ஒரு அளவு பெரிதாக எடுங்கள்.

தலைமூடி இல்லாதது

வாங்க வேண்டாம்.

வீட்டிலும் சுருட்டியே வைப்பது

மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்த தூவி பழையபடி உப்பாது. திரும்பி வந்ததும் நன்றாக உலர்த்தி, அலமாரியில் தொங்கவிடுங்கள்.