மாமர நிழலில் பூ வந்த விதம்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டு வடக்குப் பக்கம் முழுக்க மாமர நிழல். வெளிநாட்டு வீடியோக்களில் நிழல் என்றாலே ஹோஸ்டாதான். ஜப்பான், கொரியா பக்கத்துச் செடி அது. குளிர்காலத்தில் இலை கொட்டி, நல்ல குளிரில் வாரக்கணக்கில் உறங்கினால்தான் ஒழுங்காகத் தழைக்கும். நம்ம ஊர் மார்கழிப் பனி அதற்கு எந்த மூலைக்கு? அந்த அகல இலை அழகுக்குக் கலாடியம் கிழங்கு வைத்தேன்.

பூச்செடிகள்தான் வாடிக்கொண்டே இருந்தன. நிழலைவிட மாமரத்து வேர்தான் காரணம். ஊற்றுகிற தண்ணீரையெல்லாம் அதுவே குடித்துவிடும். தோண்டினால் வேர் அறுபடும். அதனால் வாயகன்ற தொட்டிகளை வேர் இடுக்குகளில் பாதி புதைத்து, செம்மண், மட்கிய சாணம், தேங்காய் நார்க்கழிவு கலந்து நிரப்பினேன். அடியில் ஓட்டை கட்டாயம்.

அதில் டோரினியாவுக்குத்தான் என் ஓட்டு. ஊதா, வெள்ளைப் பூ; விதை தூசி மாதிரி, மேலே மண் போடாமல் தூவினாலே போதும். காசித்தும்பைக்குக் கொஞ்சம் காலை வெயில் வேண்டும், இல்லையென்றால் ஒல்லியாக நீண்டு சாயும். அதைக் கிழக்கு ஓரத்துக்குத் தள்ளிவிட்டேன். கோலியஸ் இலைக்காக மட்டும். பூங்கதிரைக் கிள்ளிவிடுவேன்.

இம்பேஷன்ஸை ஐப்பசி அடைமழையில் வைக்க வேண்டாம், தண்டு அழுகும். மழை ஓய்ந்து வைத்தால் மாசி வரை பூக்கும். அக்னி நட்சத்திரத்தைத் தாங்காது.