பயோடீசல் ட்ரம் அடியில தங்குற கிளிசரின்ல அடுப்பு எரியணும்னா

பலகாரக் கடை பழைய எண்ணெய் வாங்கி பயோடீசல் பண்றவங்க எல்லாரும் கேக்குறது இதான், அடியில தங்குற கருப்பு கிளிசரினை என்ன பண்றது? 100 லிட்டர் எண்ணெய்க்கு 15, 20 லிட்டர் தேறிடும். சாக்கடையில ஊத்தாதீங்க. விறகு மேல ஊத்தியும் எரிக்காதீங்க, சூடு பத்தாம எரிஞ்சா அக்ரோலின்னு ஒரு விஷப்புகை வரும், கண்ணு, நெஞ்செல்லாம் எரியும். வீட்ல சாண எரிவாயு கலன் இருந்தா அதுக்கே தீனியா போட்டுடலாம், புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இதான் நல்ல வழி.

முதல்ல நீங்க எண்ணெய்ல எந்தக் காரத்தைப் போட்டு பயோடீசல் பண்ணீங்கன்னு பாருங்க. காஸ்டிக் சோடான்னா கிளிசரின் ஆறினதும் உறைஞ்சுக்கும், அதுல இருக்குற சோடியம் சேரச்சேர கலன்ல இருக்குற பாக்டீரியாவுக்கும் ஆகாது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடுன்னா வெல்லப்பாகு மாதிரி ஓடும், அதான் வேணும்.

ராத்திரி முழுக்க தெளியவிட்டு காலையில அடி வால்வை மெல்லத் திறங்க. கருப்பா கெட்டியா இறங்கிட்டே இருக்கும், திடீர்னு தேன் கலர்ல மெலிசா ஒரு இழை தெரியும் பாருங்க, அது பயோடீசல், உடனே மூடிடணும்.

இந்த கிளிசரின்ல, பயோடீசல் பண்ண ஊத்தின மெத்தனால்ங்கிற விஷ ஆல்கஹால் மிச்சம் இருக்குங்க. கிளவுஸ், கண்ணாடி கட்டாயம், வேலை திறந்தவெளியில, பக்கத்துல பீடிகூட கூடாது, மெத்தனால் பகல்ல எரிஞ்சா நெருப்பே கண்ணுக்குத் தெரியாது. அதை 65 டிகிரியில வடிச்சு எடுக்கலாம்னு வீட்டுப் பாத்திரத்துல இறங்கிடாதீங்க, தேவையும் இல்ல, கலனுக்குள்ள போனா பாக்டீரியா அதையும் அடுப்புல எரியிற மீத்தேன் கேஸா மாத்திடும்.

இப்ப அளவு, இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. 2 கனமீட்டர் கலனுக்கு தினம் 50 கிலோ சாணம், 50 லிட்டர் தண்ணி கரைப்போம்ல, அந்தக் கரைசல்ல முதல் வாரம் தினம் கால் லிட்டர் கிளிசரின் மட்டும் கலந்து ஊத்துங்க. அடுத்த வாரம் அரை லிட்டர், அப்புறம் முக்கால், கடைசியா 1 லிட்டர், அதுக்கு மேல வேணாம். நான் ஒருநாள் கேஸ் நிறைய வரட்டும்னு அரை பக்கெட் ஊத்திட்டேன், கிளிசரின் சீக்கிரம் புளிச்சு அமிலமா மாறிடுச்சு, மீத்தேன் தர்ற பாக்டீரியாவால ஈடுகொடுக்க முடியல, மூணு வாரம் அடுப்பு பத்தவே இல்ல, அம்மா மறுபடி விறகு ஊதினாங்க. அதனால தினம் தீயைப் பாருங்க. நீலமா நின்னு எரிஞ்சா சரி, பர்னரை விட்டு எழும்பி அணைஞ்சு போனா கிளிசரினை நிறுத்துங்க. வெளிய வர்ற கழிவை பிஹெச் பேப்பர்ல (அமிலம் எவ்வளவுன்னு காட்டுற தாள்) தொட்டுப் பாத்து 6.8க்கு கீழ இருந்தாலும் அதேதான், சரியாகுற வரைக்கும் வெறும் சாணம், அதுவும் அளவைக் குறைச்சு.

சுத்தமான கிளிசரின் 1 கிலோ கணக்குப்படி 430 லிட்டர் மீத்தேன் தரணும். நம்மளோடதுல பாதிக்குப் பாதிதான் கிளிசரின்னு வச்சாலும் ஒரு லிட்டருக்கு தினம் முக்கால் மணி நேரம் கூடுதலா அடுப்பு எரியும், ஒரு வேளை சோறு, குழம்பு ஆயிடும். கலன்ல இருந்து வர்ற கழிவுல பொட்டாசியம் இருக்கும், தென்னைக்கு பாய்ச்சிடுங்க.