வெட்டிய படத்தில் எஞ்சியது எத்தனை பிக்சல்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரா கோப்புகளை, அதாவது கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலக் கோப்புகளை, திருத்தப் பழகும் இளையர்கள் சிலரோடு வார இறுதியில் கணினி முன் அமர்வது என் வழக்கம். வெள்ளைச் சமநிலையிலும் வெளிச்சத்திலும் அவர்கள் தடுமாறுவதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவை திரையிலேயே கண்ணை உறுத்துவதால் விரைவில் திருந்திவிடும். கிராப் செய்தபின், அதாவது வேண்டாததை வெட்டியபின், எஞ்சும் படத்தின் அளவைச் சரிபார்ப்பதில் நேரும் தவறுகளோ, அச்சுக் கடையில் பணம் கட்டிப் படம் கைக்கு வந்த பிறகே வெளிப்படுகின்றன. என் தலைமுறையினர் விழுந்த குழிகளிலேயே இவர்களும் விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

ஏற்றுமதியான கோப்பின் அளவை நம்புவது

தைப்பூசத்தன்று சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலுக்குச் சென்ற காவடிகளை, இளையர் ஒருவர் தடுப்புக்கு வெளியே நின்று அகலக் கோண லென்ஸில் எடுத்திருந்தார். அவருடைய கேமரா தருவது 6000-க்கு 4000, அதாவது 24 மெகாபிக்சல். அதில் ஒரு காவடிக்காரரின் முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, சமூக மன்றத்தில் மாட்டுவதற்காக 36-க்கு 24 அங்குல கேன்வாஸில் அச்சிட்டார். வந்த படத்தில் தோல் மெழுகு பூசியதுபோல் வழவழவென்று இருந்தது. கன்னத்தில் குத்திய அலகின் விளிம்பு கரைந்து போயிருந்தது. கடைக்காரர்தான் கெடுத்துவிட்டார் என்பது அவர் வாதம். "கோப்பில் 10,800-க்கு 7,200 என்று இருக்கிறதே, அண்ணே, நான் சரிபார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்" என்றார்.

கோப்பில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அவர் படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமைத் திறந்து பார்த்தபோது, வெட்டுக்குப் பின் எஞ்சியிருந்தது வெறும் 1500-க்கு 1000. பக்கத்துக்குக் கால் பங்கு எஞ்சினால் பரப்பில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். 24 மெகாபிக்சல் ஒன்றரையாகச் சுருங்கிவிட்டது. ஏற்றுமதிப் பெட்டியில் 36 அங்குலம், அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று அவர் கேட்டதால், மென்பொருள் ஒவ்வொரு பக்கத்தையும் 7.2 மடங்கு இழுத்து, இல்லாத பிக்சல்களை ஊகித்து நிரப்பிக் கொடுத்தது. ஒரு குவளை ரசத்தில் வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, வாளி நிறைந்திருப்பதைக் காட்டிப் பந்திக்குப் போதும் என்று சொல்வதைப் போன்றது இது.

கேன்வாஸை நாம் தள்ளி நின்று பார்ப்பதால் அங்குலத்துக்கு 150 பிக்சல் இருந்தாலும், சில படங்களில் 100 இருந்தாலும்கூடச் சமாளிக்கலாம். 1500-ஐ 36-ஆல் வகுத்தால் 42-தான் வருகிறது. 300 என்ற கணக்கில் அந்த வெட்டு 5 அங்குல அகலத்துக்கே தாங்கும்; 6 அங்குல அகலமுள்ள 4ஆர் படத்துக்கே சற்றுக் குறைவு. இந்த ஒரு வகுத்தலை அச்சுக்கு அனுப்பும் முன் செய்திருந்தால் சட்டம் போட்ட காசும் மிஞ்சியிருக்கும். எத்தனை பேருக்குச் சொன்னாலும் அடுத்தவர் வந்து அதே ஏற்றுமதிக் கோப்பைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறார். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

பார்க்க வேண்டிய இடம் ஏற்றுமதிக்கு முந்தையது. லைட்ரூம் கிளாசிக்கில் படத்தின் விவரங்களைக் காட்டும் மெட்டாடேட்டா பகுதியில் "டைமென்ஷன்ஸ்" என்ற வரி கேமரா தந்த முழு அளவைக் காட்டும். "கிராப்டு" என்ற வரிதான் உங்கள் கையில் எஞ்சியிருப்பது. அவை தெரியவில்லை என்றால் அங்கேயே எக்ஸிஃப் என்ற விவரத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கலாம். ராதெரபி என்ற மென்பொருளில் கிராப் கருவியிலேயே அகலமும் உயரமும் இருக்கின்றன. ஏற்றுமதிப் பெட்டியில் "டோன்ட் என்லார்ஜ்" (பெரிதாக்காதே) என்பதை எப்போதும் தேர்வு செய்து வைத்திருங்கள். பெரிதாக்குவது தேவைப்படும் நாளில், தெரிந்தே அதை எடுத்துவிடுங்கள்.

டிபிஐ பெட்டியில் 300 என்று எழுதி நிம்மதி அடைவது

டிபிஐ என்பது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற எண். அளவைப் பிக்சலில் கொடுத்திருந்தால் அது ஒரு பிக்சலைக்கூடக் கூட்டாது.

நேராக்கியதைக் கணக்கில் சேர்க்காதது

6000-க்கு 4000 படத்தில் சாய்ந்த அடிவானத்தை 3 டிகிரி திருப்பினால், அதே விகிதத்தில் எஞ்சுவது ஏறத்தாழ 5570-க்கு 3710. மொத்தப் பிக்சல்களில் சுமார் 14 விழுக்காடு போய்விடும். முகத்தை வெட்டுவது இதற்கு மேல்தான்.

8ஆர் கேட்பவருக்கு 3:2 படத்தை அனுப்புவது

4ஆர் என்பது 6-க்கு 4 அங்குலம் என்பதால் கேமராவின் விகிதம் அப்படியே பொருந்தும். 8ஆர் என்பது 10-க்கு 8. அந்த விகிதத்தில் நீங்கள் வெட்டாவிட்டால் கடையின் இயந்திரம் வெட்டும். குழுப் படத்தில் ஓரமாக நின்ற சித்தப்பாவின் தோளை அதற்குத் தெரியாது.

சூப்பர் ரெசல்யூஷன் காப்பாற்றும் என்று நம்புவது

லைட்ரூமைத் தரும் அடோபி 2021-இல் கொண்டுவந்த, படத்தைப் பெரிதாக்கும் இந்த வசதி பக்கத்துக்கு இரு மடங்கு தரும். நம் காவடிப் படத்துக்குத் தேவைப்பட்டது ஏழு மடங்கு.

கடப்பிதழ்ப் படத்தை மில்லிமீட்டரில் ஏற்றுமதி செய்வது

சிங்கப்பூரில் கடப்பிதழ் வழங்கும் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்துக்கு இணையவழி அனுப்பும் படம் 400-க்கு 514 பிக்சல் இருக்க வேண்டும். 35-க்கு 45 மில்லிமீட்டர், 300 டிபிஐ என்று கொடுத்தால் 413-க்கு 531 வரும். முதலில் 400:514 என்ற விகிதத்தில் வெட்டிவிட்டு, எஞ்சிய வெட்டு அந்த அளவைவிடப் பெரிதாக இருக்கிறதா என்று பார்த்து, பிறகு பிக்சலிலேயே அளவைக் கொடுங்கள்.