நிறுவனங்களிடம் உள்ள உங்கள் தரவைக் காப்பது எப்படி? தொடக்கநிலை வழிகாட்டி

எப்போதோ நீக்கிவிட்டேன் என்று நான் நம்பியிருந்த ஒரு செயலியிடமிருந்து, சில ஆண்டுகள் கழித்துப் பிறந்தநாள் வாழ்த்து வந்தது. செல்பேசியிலிருந்து செயலியை எடுத்தேனே தவிரக் கணக்கை மூடவில்லை. பிறந்த தேதியும் பழைய முகவரியும் அந்த நிறுவனத்தின் சர்வரில் பத்திரமாக இருந்தன. தொடக்கத்தில் பலரும் சறுக்கும் இடம் இது. ஆகவே யாரிடம் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பதிலிருந்தே தொடங்குவோம்.

படி 1: பட்டியல் போடுங்கள். மின்னஞ்சல் பெட்டியின் தேடல் கட்டத்தில் வெல்கம், வெரிஃபை, இன்வாய்ஸ் ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாக இட்டுத் தேடினால், நீங்கள் மறந்தே போன கணக்குகள் வரிசையாக வந்து நிற்கும். கூகுள் அல்லது ஃபேஸ்புக் கணக்கைக் கொண்டு உள்நுழைந்த தளங்களின் பட்டியல் அந்தந்தக் கணக்கின் அமைப்புகள் பகுதியில் இருக்கும். கிடைப்பதை ஒரு தாளில் இப்படி எழுதுங்கள்: "புகைப்படம் அச்சிடும் தளம் – பழைய மின்னஞ்சல் – வீட்டு முகவரி, வங்கி அட்டை – இனித் தேவையில்லை." வங்கி அட்டை, அடையாள ஆவணத்தின் நகல், மருத்துவ விவரம் ஆகியவற்றை வைத்திருக்கும் சேவைகளின் அருகே ஒரு குறியிட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: கசிந்ததா என்று பாருங்கள். இணையப் பாதுகாப்பு வல்லுநர் டிராய் ஹண்ட் 2013-இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' (haveibeenpwned.com) தளத்தில் மின்னஞ்சல் முகவரியை இட்டால், அது எந்தெந்தக் கசிவுகளில் சிக்கியது என்று காட்டும். பழைய கசிவுதானே என்று விட்டுவிட வேண்டாம். லிங்க்டுஇன் நிறுவனத்திலிருந்து 2012-இல் திருடப்பட்ட விவரங்களில் 11 கோடிக்கும் மேற்பட்டவை 2016-இல் விற்பனைக்கு வந்தன. அப்படிக் கிடைக்கும் கடவுச்சொல்லைத் திருடர்கள் வேறு நூறு தளங்களிலும் போட்டுப் பார்ப்பார்கள் என்பதால், ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் வைத்திருப்பவருக்கு ஒரு தளத்தின் கசிவே எல்லாத் தளங்களின் கசிவாகிவிடுகிறது. முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மற்றக் கணக்குகளை மீட்டெடுக்கும் சாவி அதுதான். பிறகு ஒவ்வொரு தளத்துக்கும் வெவ்வேறு கடவுச்சொல்லை ஒரு பாஸ்வேர்டு மேனேஜர் (கடவுச்சொற்களை உருவாக்கிப் பூட்டி வைக்கும் செயலி) வழியாக உருவாக்கி, இரண்டடுக்குச் சரிபார்ப்பை, அதாவது கடவுச்சொல்லோடு ஒருமுறை மட்டும் பயன்படும் எண்ணையும் கேட்கும் வசதியை, இயக்குங்கள். செல்பேசி நிறுவனத்தை ஏமாற்றி உங்கள் எண்ணுக்கான சிம் கார்டையே திருடர்கள் வாங்கிக்கொள்ளும் மோசடி இருப்பதால், குறுஞ்செய்தியில் வரும் எண்ணைவிட, அதற்கென உள்ள செயலி தரும் எண் மேலானது.

படி 3: நகல் கேளுங்கள். கூகுள் போன்ற பெரிய சேவைகளில் தரவைப் பதிவிறக்கும் வசதி ஏற்கெனவே உண்டு. மற்ற நிறுவனங்களுக்கு, அவற்றின் தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தில் உள்ள முகவரிக்கு, பதிவு செய்த அதே மின்னஞ்சலிலிருந்து எழுதுங்கள்:

"என்னைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் தனிப்பட்ட தரவு அனைத்தின் நகலையும், அது எந்த நோக்கத்துக்காக வைக்கப்பட்டுள்ளது, யாருடன் பகிரப்பட்டது, எவ்வளவு காலம் வைக்கப்படும் என்ற விவரங்களையும் அனுப்பக் கோருகிறேன்."

2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி, இத்தகைய கோரிக்கைக்குப் பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். சிக்கலான கோரிக்கையாக இருந்தால் மேலும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். வேறு பல நாடுகளிலும் இதையொத்த சட்டங்கள் உள்ளன. உங்களை அடையாளம் காண ஆவணம் கேட்டால், கேட்டதற்குத் தேவையில்லாத பகுதிகளை மறைத்து அனுப்ப முடியுமா என்று முதலில் விசாரியுங்கள். தரவைக் குறைக்கப் போய்க் கூடுதலாக ஒன்றைக் கொடுத்துவிட்டு வருவது வேடிக்கையல்லவா?

படி 4: மூடுங்கள், ஆனால் வரிசை மாறாமல். முதலில் நகலைப் பதிவிறக்குங்கள். அடுத்து சேமித்து வைத்த வங்கி அட்டையை நீக்கி, சந்தாவை ரத்து செய்யுங்கள். அதன்பின் கணக்கை நீக்கும் கோரிக்கையை அனுப்பி, கடைசியாகச் செயலியை அகற்றுங்கள். 'முடக்கு' என்பதும் 'நீக்கு' என்பதும் ஒன்றல்ல. முடக்கிய கணக்கின் தரவு அப்படியே இருக்கும். வரிக் கணக்குக்காக ரசீதுகளைச் சில காலம் வைத்திருக்கச் சட்டமே நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தலாம் என்பதால், எல்லாம் உடனே அழியாது.

படி 5: இனிமேல் குறைவாகக் கொடுங்கள். படிவத்தில் நட்சத்திரக் குறி இல்லாத கட்டங்களைக் காலியாகவே விடுங்கள். பாதுகாப்புக் கேள்விகளுக்கு உண்மையான பதில் தர வேண்டியதில்லை. எழுத்துகளை ஏனோதானோவென்று தட்டி, அதை பாஸ்வேர்டு மேனேஜரில் குறித்து வைத்தால் போதும்.

கணக்கு நீக்கப்பட்டதாக வரும் உறுதி மின்னஞ்சலைத் தனியாகச் சேமித்து, ஒரு மாதம் கழித்து அந்தத் தளத்தில் பழைய கடவுச்சொல்லைக் கொண்டு உள்நுழைய முயன்று பாருங்கள். உள்ளே போக முடிந்தால், அந்த மின்னஞ்சலையும் இணைத்து மீண்டும் எழுதுங்கள்.