அசகுசாவிலிருந்து ஸ்கைட்ரீக்கு நடந்தே போகலாம்

டோக்கியோவின் அசகுசாவிலிருந்து ஸ்கைட்ரீ கோபுரத்துக்குப் போகிறவர்கள் சுமிதா ஆற்றை நடந்தே கடக்கலாம். டோபு ரயில் பாலத்தை ஒட்டி சுமார் 160 மீட்டர் நீளத்துக்கு நடைபாதை உண்டு, 2020-இல் திறந்தார்கள். கட்டணம் இல்லை. அசகுசா நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே தண்டவாளம் சட்டென்று வளைந்து பாலத்தில் ஏறுவதால், எந்த ரயிலும் இங்கே ஊர்ந்துதான் போகும். போட்டோ எடுக்க அவசரமே வேண்டாம். தரையில் அங்கங்கே கண்ணாடி பதித்திருப்பதால் காலுக்குக் கீழே ஆறு ஓடுவது தெரியும் (பயமா? ஓரமாக நடங்கள்). சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். காலை 7 முதல் இரவு 10 வரைதான் அனுமதி; அப்புறம் கதவை மூடிவிடுவார்கள். என்னைக் கேட்டால், விளக்கு எரியத் தொடங்கும் அந்தி நேரம்தான் சரி. அக்கரையில் இறங்கினால் மிசுமாச்சி கடைகள். கோபுரம் அங்கிருந்து நடை தூரம்தான்.